பதினோரு நிமிஷம்

ஷிஜிக்கும் எனக்கும் பதினோரு நிமிஷம்தான்.
பஸ் பாஸ் கவுண்டரில்
ஒரே பிறந்த தேதியை இரண்டு தடவை படிப்பார்கள்,
பிறகு எங்களை.

"ஆசுத்திரியில மாறிப்போச்சா பிள்ளே?"
குளச்சல் சந்தையில் சாளைக்காரி கேட்டாள்.
அம்மா வாங்கிய கூறைத் திருப்பிக் கொட்டிவிட்டு நடந்தாள்.

இரண்டு கருமுட்டை, அவ்வளவுதான்.
அப்பாவிடமும் அம்மாவிடமும் கலந்து கிடந்த நிறத்தில்
ஆளுக்கொரு கை அள்ளினோம்,
இருட்டில், பார்க்காமல்.
என் கைக்கு அகப்பட்டது
போட்டோகூட இல்லாத ஒரு பூட்டன்.

மணவாளக்குறிச்சியில் ஒரே அலைதான்
கறுமணலையும் செம்மணலையும் கொண்டு போடுகிறது.
அதனிடம் யாரும் டி.என்.ஏ. சோதனை கேட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு மாமி
எனக்கு மட்டும் சிவப்பழகு க்ரீம் தந்தாள்.
ஷிஜி அதை வாங்கி
ஒரே வாரத்தில்
குதிகால் வெடிப்பில் தேய்த்தே தீர்த்தாள்.