க/பெ

வழக்கு எண் என்ன என்றார் தணிகாசலம்.
தெரியாது.
ஆண்டு?
எனக்கு முன்பல் விழுந்த ஆண்டு.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.
எண் இல்லாதவருக்கு இங்கே
தகப்பன் பெயர்கூடச் செல்லாதம்மா.

தகப்பன் பெயருக்காகத்தான் வந்திருந்தேன்.
லைன்மேன் ஏகாம்பரம் தை மாதம் செத்துப்போனார்.
குடும்ப ஓய்வூதியம் கேட்ட அம்மாவுக்கு
மின்வாரியம் ஒரே வரியில் பதில் போட்டது:
மனைவி என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்.
குலதெய்வக் கோயிலில் கட்டிய தாலிக்கு
யார் ரசீது கொடுத்தார்கள்?
அம்மாவுக்கு ஒன்றே ஒன்று ஞாபகம் வந்தது.
'ஜீவனாம்சம் கேட்டு கேஸ் போட்டேன், குடியாத்தத்துல.
ஜட்ஜ் அந்தாளு பக்கம் சாஞ்சுட்டாரு.'

குடியாத்தத்தில் கேட்டால்
பழசெல்லாம் வேலூருக்குப் போயாச்சு என்றார்கள்.
வேலூரில் கேட்டால்
வட ஆற்காடு உடைந்தபோது சில கட்டுகள் திருவண்ணாமலைக்கு,
மறுபடி உடைந்தபோது சில ராணிப்பேட்டைக்கு.
பாகம் பிரித்தவர்கள்
அம்மாவை யார் பங்கில் எழுதினார்களோ.

சத்துவாச்சாரியில் நான்கு திங்கட்கிழமைகள்.
புங்கமரத்தடியில் ஜெயசீலி தட்டச்சு செய்த நகல் மனு.
ஒட்டிய கோர்ட்டு வில்லையின் ஓரத்தை
பசை காயும் முன்பே சுருட்டும் வெயில்.
தேடுதல் கட்டணம் தனி.
அறிவிப்புப் பலகையில் என் மனு எண்ணைத் தேடி
விரலை மேலிருந்து கீழே ஓட்டுவேன்,
பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைபோல.
பிறகு குடியாத்தம் பஸ்.

ஐந்தாம் திங்கள் தணிகாசலமே கூப்பிட்டார்.
கட்டு அழிக்கப்பட்டுவிட்டதாம், விதிப்படி.
பதிவேடு மட்டும் இருக்கிறதாம்.
அதன் முதுகில் ஒரே ஒரு குறிப்புத்தாள்,
பசையோ மழை ஈரமோ,
ஒட்டிக்கொண்டு தப்பித்திருக்கிறது.

எம்.சி. 14/79.
மனோரஞ்சிதம், வயது 27, பீடி சுற்றுதல்,
க/பெ ஏகாம்பரம்.

நாற்பத்தைந்து வருஷம் எங்கள் வீட்டில் இல்லாத ஆள்
அந்தச் சாய்கோட்டில்
சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

கீழே, வெளிறிய நீல மையில்:
மனுதாரர் ஆஜர். எதிர்மனுதாரர் இல்லை. வாய்தா.
மனுதாரர் ஆஜர். எதிர்மனுதாரர் இல்லை. வாய்தா.
இப்படி ஆறு.
ஏழாவது:
எதிர்மனுதாரர் ஆஜர்.
மனுதாரர் மூன்று முறை அழைக்கப்பட்டார். இல்லை.
தள்ளுபடி.

ஜட்ஜ் எந்தப் பக்கமும் சாயவில்லை.

சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
தண்ணியில்லாத ஆறு என்று
இந்த ஊருக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள்.
தீர்ப்பில்லாத வழக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

'தள்ளுபடிக்கு எதுக்கும்மா நகல்?'
'அதுல க/பெ இருக்கே சார்.'
அவர் சிரிக்கவில்லை.
முத்திரையை மையில் அழுத்தி
தாளின் இரண்டு பக்கமும் குத்தினார்:
உண்மை நகல்.

பஸ் பள்ளிகொண்டா தாண்டுகையில் போன் செய்தேன்.
கிடைச்சுதும்மா. உன் பேரு, அந்தாளு பேரு,
ரெண்டும் ஒரே வரியில.
பென்ஷனுக்குப் போதும்.

அந்தப்பக்கம் முறத்தில் கத்தரி வைக்கும் சத்தம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.
'அன்னிக்கு இலை குடுக்கற நாளு.
போகலன்னா வாரம் பூரா வேலை கெடையாது.
ஆறு வாட்டி வராதவன்
ஏழாவது வாட்டி வந்துடப்போறானான்னு...'

பஸ் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியது.

'வந்தானா, அன்னிக்கு?'

தாள் என் மடியில் இருந்தது.
ஏழாவது வரி
ஓர் எழுத்துகூட மங்காமல்.

'அந்த எடத்துல செல்லரிச்சிருக்கும்மா' என்றேன்.
'ஒண்ணும் படிக்க முடியல.'