பாஸ்

பதினேழாம் திகதியோடு முடிகிறது அனுமதிப்பத்திரம்.
கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டி வரை
பதின்மூன்று பிள்ளைகள், இரண்டு பாடசாலை,
ஒரு டொல்பின் வான்.
அதற்கு என்னைவிட ஆறு வயதுதான் குறைவு.

முதலில் புகை.
சென்டர்ப் பையன் சைலன்சருக்குள் குழாயைச் செருகி
"மிதிங்க அக்கா, முழுசா" என்றான்.
மிதித்தேன்.
மதில், மாமரம், பின்னால் அல்டோவோடு நின்ற ஐயா
எல்லாரும் கொஞ்ச நேரம் இல்லாமல் போனார்கள்.
ஃபெயில் என்று அவன் சொல்லவில்லை.
தாளை இரண்டாய் மடித்துத் தந்தான்,
ஆஸ்பத்திரியில் தருவதுபோல.

மெக்கானிக்கை இந்த ஊரில் பாஸ் என்போம்.
தேறினாலும் பாஸ்.
விமலசிறி பாஸ் வானுக்கடியில் கிடந்தபடி
சிங்களத்தில் வைதார்,
இஞ்சினையா என்னையா என்று நான் கேட்கவில்லை.
நான்கு இன்ஜெக்டர், முன் பிரேக் பேட்,
இன்னும் என்னவோ,
சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதினார்.
புதுசு வேண்டாம், பஞ்சிகாவத்தைக்குப் போ.

பஞ்சிகாவத்தையில்
செத்த வாகனங்களின் கதவுகள் கதவுகளோடு,
கண்கள் கண்களோடு
அடுக்கப்பட்டு
மறுபிறப்புக்குக் காத்திருக்கின்றன.
ஃபாஸீன் நானா ஓர் இன்ஜெக்டரைத் துணியால் துடைத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
"ஜப்பான்ல நெஞ்சுவலி வராம வாழ்ந்த சாமான், தங்கச்சி."
விலை சொன்னார்.

செட்டியார் தெருவில் காப்பு ஒன்றை இறக்கினேன்.
மற்றக் கைதான்
அன்றிலிருந்து பாரமாயிருக்கிறது.

இரண்டாம் தரம் மிதித்தபோது
மாமரம் அப்படியே நின்றது.

ஞாயிறு முழுக்கக் கழுவினேன்.
சீற்றுக்கடியில் ஒற்றைச் சொக்ஸ்,
காய்ந்த ரம்புட்டான் தோல்,
"டீச்சருக்குச் சொல்லாதே" என்றொரு துண்டு,
எதைச் சொல்லாதே என்று இல்லை.
பின்கண்ணாடி மறைக்கப்படக்கூடாது என்றார் பாஸ்.
பட்டாம்பூச்சி, நட்சத்திரங்கள், பச்சை டைனோசர்
எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டினேன்.
டைனோசர் வால் மட்டும் வரமாட்டேன் என்றது.

சேஸி இலக்கம் மண்ணெண்ணெய்க்குத்தான் வாய் திறந்தது.
மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க
கறுப்புக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் எழும்பி வந்தன
வெள்ளை எழுத்துகள்.
லீசிங் கம்பனிக் கடிதங்களிலும் இதே இலக்கம்தான்.
அங்கே ஒருநாளும் இவ்வளவு அழகாயிருந்ததில்லை.

வெரஹெர. ஐந்தரைக்கே வரிசை.
பரிசோதகர் டோர்ச் அடித்து அடியில் குனிந்தார்,
டயரின் பள்ளத்தில் விரல் விட்டுப் பார்த்தார்.
ஹோன் என்றார், அடித்தேன்.
வைப்பர் என்றார், அழுதுகொண்டு ஆடியது.
இடது சிக்னல்.

எரியவில்லை.
நேற்றிரவு பன்னிரண்டு மணிக்கு எரிந்தது.
இறங்கிப் போய்
கைமுட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.
மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது.
அவர் விளக்கைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்,
ஒன்றும் எழுதவில்லை.

பிறகு சரிவு.
ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு
காலை எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன்.
கண்ணாடியில் வெறும் சீற்றுகள்.
ஒரு விரல்கடை பின்னால் போனது.
நின்றது.
நான் மட்டும் இன்னும் கொஞ்சத் தூரம்
பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

முத்திரை குத்தும் சத்தம் சின்னதுதான்.
பாஸுக்குப் போன் போட்டு "பாஸ்" என்றேன்.
"ஓ, சொல்லு" என்றார்.
"இல்லை பாஸ், பாஸ்!"

ஒன்றரைக்குப் பாடசாலை வாசல்.
"ஆன்ட்டி, எங்கட டைனோசர் எங்க?"
"செக் பண்ண வந்தவங்களைக் கண்டு ஓடிட்டுது."
"வால விட்டுட்டுப் போயிருக்கு" என்றான் அக்ஷரன்.

டுப்ளிகேஷன் றோட்டில் இடது பக்கம் திரும்பவேண்டும்.
சிக்னலைப் போட்டேன்.
டிக் என்ற சத்தமே இல்லை.
கையெழுத்தும் முத்திரையும் உள்ள தாள்
டாஷ்போர்டில் படபடக்க,
முன் சீற்றில் இருந்த அக்ஷரன்
நான் சொல்லாமலே
கையை வெளியே நீட்டினான்.