கோணல் கூடம்

ஆடத் தெரியாமல் சொல்லவில்லை,
என் கூடம் உண்மையிலேயே கோணல்தான்.
சன்னலோரம் ஒரு கோலிக்குண்டை விட்டால்
நிதானமாகப் புறப்பட்டு
சமையலறை வாசலில் போய் முட்டும்.
வால்பரைசோவில் குன்றின் மேல் வீடு வாங்கினால்
பழைய நிலநடுக்கங்களையும்
சேர்த்தேதான் பத்திரம் எழுதித் தருகிறார்கள்.

துறைமுகத்தில் பெட்டி எண்ணுவது என் வேலை.
நுழையாததை வாங்காதே என்பது
சம்பளத்தோடு வந்த புத்தி.
கதவு அகலம் எழுபத்தொன்று.
மாடிப்படித் திருப்பத்தை எண்ணில் எழுத வரவில்லை,
மடக்கிய முழங்கை போல ஒரு படம் போட்டுக்கொண்டேன்.
கீழ்வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல்.
இவ்வளவோடும் ஞாயிற்றுச் சந்தைக்கு இறங்கினேன்.

முதலில் ஒரு பெரிய அலமாரி. வால்நட் மரம்.
கண்ணாடி விளிம்பில் ரசம் கருத்துப் புள்ளி புள்ளியாய்.
திறந்தால் அந்துருண்டை வாசம்,
யாருடையதோ குளிர்காலம்.
கட்டிப்பிடித்து அளந்தேன். நூற்று நாற்பது.
"கயிறு கட்டிச் சன்னல் வழியே ஏற்றலாம், சீமாட்டி."
ஏற்றலாம். சன்னலைக் கழற்றுவது யார்?

அடுத்து ஒரு நாற்காலி,
நூறு வயது என்று சத்தியம் செய்தார்கள்.
புழுத்துளைகள் ஒரே அளவு, ஒரே வரிசை.
எந்தப் புழுவும் அளவுகோல் வைத்துத் தின்பதில்லை.
வணக்கம் சொல்லி நகர்ந்தேன்.

எலியோடோரோவின் கடை மூலையில்தான் அது இருந்தது.
இடுப்புயரப் பாத்திர அலமாரி,
இடது கால்கள் இரண்டின் கீழும் மடித்த அட்டை.
அட்டையை உருவினேன், சாய்ந்தது.
மேல் இழுப்பறை தானாகத் திறந்து
நாக்கை நீட்டியது.
அவர் முகம் சிவந்துவிட்டது.
"செவ்வாய்க்கிழமை வாங்க,
நாலு காலையும் சமமா அறுத்துத் தர்றேன்."

குனிந்து பார்த்தேன்.
அறுத்த வாயில் வார்னிஷ் பூசியிருந்தது,
அதுவும் பழுத்துத் தேன் நிறமாகியிருந்தது.
விபத்தில்லை.
யாரோ தன் தரையை அளந்து,
இரண்டு விரற்கடை என்று முடிவு செய்து,
ரம்பத்தை வைத்திருக்கிறார்கள்.
என் நோட்டைப் புரட்டினேன்.
இரண்டு விரற்கடை.

"அறுக்காதீங்க" என்றேன்.
நான் கேட்காமலே விலை
இருபதாயிரம் பேசோ இறங்கியது.
காரணம் சொல்லவில்லை.
அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

குன்றேறும் லிஃப்ட் அன்றைக்குப் பழுது.
நிபால்தோவும் அவன் மச்சானும்
நூற்று அறுபத்திரண்டு படி சுமந்தார்கள்.
நாற்பதாவது படியில் மச்சான் கடலைத் திட்டினான்,
தொண்ணூறாவது படியில் என்னை.

குறித்து வைத்திருந்த சுவரோரம் நிறுத்தினோம்.
அது குடிகாரனைப் போல
இன்னும் ஒரு மடங்கு சாய்ந்தது.
சரிவின் அளவை எழுதியவள்
திசையை எழுதவில்லை.
திருப்பிப் போட்டால் நிமிர்ந்தது, சரிதான்,
ஆனால் கதவுகள் சுவரைப் பார்த்தபடி.
நிபால்தோ தரையில் உட்கார்ந்து
தண்ணீர் கேட்டுவிட்டுச் சிரித்தான்.
"எதிர்ச்சுவர்" என்றான்.
எதிர்ச்சுவரில் என் கட்டில்.

கட்டில் நகர்ந்தது.
அலமாரி அங்கே போய்
வந்த விருந்தாளி போலில்லாமல்
வீட்டுக்காரியைப் போல நின்றது.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து
அசையாமல் உட்கார்ந்தது.

கட்டிலுக்கு இப்போது சன்னல் பக்கம் தலைமாடு.
குடிவந்த இரண்டு மாதமும்
தலை தாழ்ந்தே தூங்கியிருக்கிறேன்.
காலைத் தலைவலிக்குத்
துறைமுகப் புகையைப் பழித்துக்கொண்டிருந்தேன்.

கோலிக்குண்டை அலமாரியின் மேல் வைத்தேன்.
இந்த வீட்டில் அது நிற்கிற ஒரே இடம்.

விடிவதற்கு முன் சின்னதாய் ஓர் அதிர்வு.
அலமாரிக்குள் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.
குண்டு விழும் சத்தத்துக்குக்
காதை வைத்துக்கொண்டே கிடந்தேன்.
அப்புறம் எப்போது தூங்கினேனோ.