காலித் தொட்டி

நாற்பத்திரண்டு லட்சம் கண்கள் கொண்ட வலை ஒன்றை
ஒரு மாதமாகப் பின்னினேன்.
சுவரோரம் கண்கள் நெருக்கம், நடுவில் தளர்வு,
தண்ணீர் பீய்ச்சும் குழாய்வாயில்
கடுகைவிடச் சின்னது.
நூல் இல்லை. ஈயக்குண்டு இல்லை.
நனையவும் இல்லை.
ஹெல்கெலான் கரையில்
சால்மன் குஞ்சு வளர்க்கும் தொட்டியை அளந்து வந்து
திரைக்குள் விரித்தேன்.

பதினாறு மீட்டர் விட்டம்.
அவர்கள் கேட்டது எளிது:
தீனி மிச்சமும் மீன் எச்சமும்
தானாகச் சுழன்று நடு வடிகாலில் விழவேண்டும்,
கரண்டியால் கலக்கிய தேநீரில்
தூள் கோப்பையின் நடுவில் கூடுவதுபோல.

சுவரைத் தொடும் நீருக்கு வேகம் சுழி.
பாடத்தின் முதல் பக்கம் இது.
அந்தச் சுழியிலிருந்துதான்
மற்ற எல்லாச் சுழிகளும் பிறக்கின்றன.

ட்ரோன்ட்ஹெய்மில், வெளிச்சம் தலைகாட்டிவிட்டு ஓடும் ஜனவரியில்
ஒன்பது இரவுகள் கணினிகள் முனகின.
எச்சம் படிப்படியாகக் குறைந்தது.
(இந்த எச்சம் வேறு:
சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல்
கையில் மிஞ்சுவது.)
லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே அது இறங்கியதும்
குழாயை முப்பத்தைந்து பாகை திருப்புங்கள் என்று
படங்களோடு அனுப்பினேன்.
நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் படங்கள்.
அவற்றின் அழகை நம்பினேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச்சில் தோர்டிஸ் கூப்பிட்டாள்.
"வந்து பாருங்கள்."
அவ்வளவுதான்.

என் வயதுதான் அவளுக்கும்.
ரப்பர் காற்சட்டையில் செதில்கள் மினுங்க
நீளக் கம்புத் துடைப்பத்தோடு விளிம்பில் நின்றாள்.
வடிகால் பளிச்சென்று இருந்தது.
அதைச் சுற்றி, மூன்று மீட்டர் தள்ளி,
சாம்பல் நிறத்தில் ஒரு வளையம்
எங்கும் போகாமல் கிடந்தது.

குறை எதுவும் சொல்லவில்லை.
பையிலிருந்து ஆரஞ்சை உரித்து
ஒரு துண்டுத் தோலை மிதக்கவிட்டாள்.
சுளையை என்னிடம் நீட்டினாள்.
கடிகாரம் பார்த்தோம்.
ஒரு சுற்றுக்கு என் கணக்கு நூற்றிருபத்தைந்து வினாடி.
தோல் திரும்பி வந்தது
இருநூற்றுப் பத்தில்.

"காலியாக இருந்தபோதும் விட்டுப் பார்த்தேன்," என்றாள்.
"நூற்றிருபத்தாறு.
உங்கள் கணக்கு சரிதான்.
அப்போது யாரும் குடிவரவில்லை."

குனிந்தேன்.
ஐம்பதாயிரம் முதுகுகள்,
எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து,
நீரை எதிர்த்து நீந்தி நீந்தி
நின்ற இடத்திலேயே நின்றன.
ஒவ்வொன்றும் ஒரு சுவர்.
ஒவ்வொரு தோலிலும் ஒட்டிய நீர்
மீனை விட்டு நகர்வதில்லை.
ஒவ்வொரு வாலும் ஓட்டத்தில்
ஒரு மிடறு குடித்துக்கொண்டது.

சிமென்ட் சூளைக்குள் தீயைக் கணித்திருக்கிறேன்.
படகின் மூக்கை,
ஒரு பாலத்தை அசைக்கும் குறுக்குக்காற்றை,
மருந்து ஆலையில் துடுப்பு சுற்றும் பெரிய கலத்தை.
எதுவும்
எதிர்நீச்சல் போட்டதில்லை.

மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டாம் என்பார்கள்.
நீச்சல் நீரை என்ன செய்யும் என்பது
எனக்குத்தான் பழக வேண்டியிருந்தது.

மறுபடி வலையை விரித்தேன்.
மீனை மீனாக எழுத என் கணினிக்கு வலு இல்லை.
நீர் முழுக்கப் பரவிய ஒரு தயக்கமாக எழுதினேன்,
ஒற்றை எண்ணாக.
தசமப் புள்ளிக்குப் பின்னால் ஐம்பதாயிரம் உயிர்.

"தீனி போடும்போது?" என்று கேட்டாள் தோர்டிஸ்.
அப்போது வரிசை உடையும், தெரியும்.
மேலே பாய்ந்து, கலைந்து,
தயக்கம் வேறு தயக்கமாகிவிடும்.
அதற்கு இன்னும் எண் இல்லை.
இருபது பாகைக்குக் குழாயைத் திருப்பினோம்.
வளையம் மெலிந்தது, மறையவில்லை.
துடைப்பம் விளிம்பிலேயே சாய்ந்திருக்கிறது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
அளவிட்ட கருவி என்ற கட்டத்தில்
ஆரஞ்சுத் தோல் என்று எழுதினேன்.
மேலாளர் அதை அடித்தார்.
மறுபடி எழுதினேன்.