எந்த வெள்ளம்

ஒழுகினசேரிப் பாலத்துக்கு அடியில்
தலைகீழாகத் தொங்குகிறது ஒரு கருவி.
வௌவால் அளவுதான்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பழையாற்றைக் கூப்பிட்டு
எதிரொலி திரும்பும் நேரத்தை எண்ணும்.
ஆற்றின் ஆழம் அதற்குத் தெரியாது.
தனக்கும் தண்ணீருக்கும் நடுவே
இன்னும் எவ்வளவு காற்று மிச்சம்,
அவ்வளவுதான் கணக்கு.

அன்று ராத்திரி காற்று குறைந்துகொண்டே வந்தது.
நாலு மீட்டர். மூன்றரை.
இரண்டு எண்பது.
நூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று ஏட்டில் இருக்கிற மழை
நான் வேலைக்குச் சேர்ந்தபின் இது மூன்றாவது.
கட்டுப்பாட்டு அறையில் நான் ஒருவன், எட்டுத் திரை,
ஆறிப்போன கட்டஞ்சாயா.

இரண்டு மீட்டரில் திரை சிவந்தது.
கோயம்புத்தூர்க் கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகம்
தயாராய் இருந்தது. அழுத்தினேன்:
"இன்றிரவு உங்கள் பகுதியில் வெள்ளம் வரும்."
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது
என்று பச்சையில் சொன்னது.

ஆறாம் திரை, தெருவிளக்குக் கம்பத்துக் காமிரா.
கதவுகள் திறந்தன.
குடம், பக்கெட், பெயின்ட் டப்பா.
கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு
குழாயடியில் வரிசை.
முதல் ஆளாக, போன வாரம் மனு கொண்டுவந்த கமலபாய்.
பதினொரு நாளாய்க் காற்று மட்டும் விட்ட குழாயைத்
திருகிப் பார்க்கிறாள்.

எங்கள் நாட்டில் வெள்ளம் என்றால் குடிப்பது.
என் அம்மையும் அப்படித்தான் கேட்பாள்,
"மக்கா, இத்திரி வெள்ளம் எடு."
இருபத்தாறு வருஷம் அதைக் குடித்து வளர்ந்தவன்
விரலை வைக்குமுன் யோசிக்கவில்லை.

கம்பத்தில் ஒலிபெருக்கி உண்டு.
சுதந்திர தினத்துக்குச் சோதித்ததோடு சரி.
மைக்கைப் பிடித்தேன்:
"யக்கா, குழாயில இல்ல, ஆத்துல! ஆறு ஏறி வருவு!
குடத்தப் போட்டுட்டு பள்ளிக்கூட மாடிக்குப் போங்க!"
கமலபாய் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள்.
பாலத்தடியில் மிச்சக் காற்று
ஒன்று இருபது.

குடத்தை அவள் போடவில்லை.
தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.
அவளுக்குப் பின்னால் தெரு முழுவதும்.

விடியும்போது குழாய் நின்ற இடத்தில்
ஆறு நின்றது.

வாசகத்தை மாற்ற ஒரு படிவம் இருக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்
நாற்பது எழுத்துக்கு மேல் ஏறாது.
இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

வடிந்து நாலாம் நாள் போன் வந்தது.
"தம்பி, வெள்ளம் எப்ப வரும்?"
பழகிவிட்டது, கேட்டேன்:
"எந்த வெள்ளம்க்கா?"