மூன்று எட்டு தள்ளி

சித்திரை கடைசி.
தரமணி ஆய்வகத்தில் ஏசி செத்து மூன்றாம் நாள்
வந்திறங்கியது லடாக்கிலிருந்து ஒரு மரப்பெட்டி.
நாற்பத்தெட்டுத் துணிப்பைகள்.
நாற்பத்தெட்டிலும் மணல்.

அனுப்பிய ஸ்டான்சின் ஒரு தாளும் வைத்திருந்தார்:
பதினோரு வருடத்துக்கு முன் புதர் நட்டோம்.
பாதிப் பைகள் புதரின் அடியில் அள்ளியவை,
பாதி மூன்று எட்டு தள்ளி, வெட்டவெளியில்.
மண் உறைந்திருந்ததால் உளியால் பெயர்த்தோம்.
சோதித்தது போக மீதியை அனுப்பிவிடுங்கள்,
குழிகளை மூட வேண்டும்.
அங்கே குளிர் எப்படி?

குளிரா?
என் மோவாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்து
அந்தக் கேள்வியில் மை ஊறியது.

சலித்தேன்.
வெட்டவெளி மணல் சல்லடையில் நிற்கவேயில்லை,
கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஓடியது.
அடிமணல் தயங்கியது.
அதில் மயிரளவு வேர்கள்,
சாம்பல் நிறத்தில் அரை இலை,
விரலில் அப்பிக்கொள்ளும் மாவுப் புழுதி.

புழுதியைப் புதர் எங்கும் போய் வாங்கி வரவில்லை.
காற்று கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடி வருகிறது,
முழங்கால் உயரச் சுள்ளியில் இடறுகிறது,
இருந்ததைப் போட்டுவிட்டுப் போகிறது.
அதன்மேல் ஓர் இலை.
அடுத்த வருடம் இன்னோர் இலை.
பனி உருகினால் அந்த இடத்தில் மட்டும்
இரண்டு நாள் கூடுதலாக ஈரம்.
அவ்வளவுதான், பதினோரு வருடமாக.

சேர்ந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால்
எரிக்க வேண்டும்.
எங்கள் தொழில் அப்படி.
பத்து கிராம், பீங்கான் குப்பி,
ஐந்நூற்றைம்பது டிகிரி, நான்கு மணி நேரம்.
எடையில் எது காணாமல் போனதோ
அதுதான் புதர் கொடுத்தது.

செலின் தராசைப் படித்தாள், நான் எழுதினேன்.
வெட்டவெளி: நூற்றுக்கு அரைக்கால் கூட இல்லை.
புதரடி: ஒன்றரை.
"ஒன்றரைக்கா இந்தப் பாடு?" என்றாள்.
பிறகு அவளே மறுபடி நிறுத்தாள்.

அன்று மாலை கொட்டிவாக்கத்தில்
என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மனைக்குள் போனேன்.
'வழக்கு நிலுவையில் உள்ளது' என்ற பலகை
பதினான்கு வருடமாக நிற்கும் கடல் மணல்.
கொழிஞ்சியை யாரும் நடவில்லை.
வாய்தா வாய்தாவாக அதுவே வளர்ந்தது.
அடியில் ஒரு பிடி,
மூன்று எட்டு தள்ளி ஒரு பிடி.
டிபன் டப்பாவின் இரண்டு அடுக்கில்.

பதிவேட்டில் ஏற்றாமல் எரித்தேன்.
புதரடி, ஒன்றே கால்.
செலினிடம் மட்டும் சொன்னேன்.
"தீர்ப்பு வராமல் இருக்கணும்" என்றாள்.

வைகாசியில் வந்துவிட்டது.
ஜேசிபி காலை ஆறு மணிக்கே வேலையை ஆரம்பித்து
மேல்மண்ணை வழித்து லாரியில் ஏற்றியது.
டிரைவர் தினகரன் நல்ல மனிதர்,
எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.
எங்கே கொட்டுவீர்கள் என்றேன்.
பள்ளம் இருக்கிற இடத்தில் என்றார்.

பைகளைத் திரும்பக் கட்டுகிறேன்.
எரித்த மணலும் இருக்கிறது, காகிதப் பொட்டலங்களில்,
செங்கல் நிறத்தில், எதையும் பிடித்துவைக்காமல்.
இதையும் அனுப்பவா என்று ஸ்டான்சினுக்குக் கேட்டு
நான்கு நாளாகிறது.
குழி அவருடையது,
பதில் வரும்வரை பெட்டியை ஆணி அடிக்கவில்லை.