ஒன்றா, ஏழா

டான்டினோங்கில் ஓர் ஆரம்பப் பள்ளி, அதன் கூடைப்பந்துக் கூடம்.
மாலை ஆறு அடித்ததும் க்ளெனிஸ் கதவைச் சாத்தினார்.
ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஓடிவந்தவன்
நீச்சல் குளத்திலிருந்து நேரே வந்திருந்தான்.
அபராதத்துக்குப் பயந்து அவன் சொட்டிய தண்ணீரை
நான்தான் துடைத்தேன்.

வெளியே இன்னும் வெங்காய வாசனை.
நர்சிங் இரண்டாம் ஆண்டுக்காரர்கள்
காலையிலிருந்து சாசேஜ் சுட்டு விற்கிறார்கள்,
கல்லூரியில் இலவச அரிசியும் பருப்பும் வைக்கும் அலமாரிக்காக.
மாதக் கடைசியில் அந்த அலமாரியில்
நானும் கை வைத்ததுண்டு.
அதனால், சைவக்காரி,
வெங்காயம் மட்டும் வைத்த ரொட்டி மூன்று வாங்கினேன்.

பெட்டியின் முத்திரையை அறுத்தோம்.
மேசைமேல் சரிந்தது பச்சைத் தாள்.
ஒற்றையாய் மடித்தவர் உண்டு,
மருந்துப் பொட்டலம் போல எட்டாய் மடித்தவர் உண்டு.
ஒருவர் விமானமே செய்திருந்தார்;
பிரித்தால், உள்ளே
எல்லாக் கட்டத்திலும் ஒழுங்கான எண்கள்.

எட்டு வேட்பாளர். எட்டுக் கட்டம்.
எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது.
செல்லாதவற்றுக்குத் தனிக் குவியல்:
பூனை வரைந்த தாள்,
'எட்டுப் பேரில் யாராவது என் தெருக் குழியைப் பார்த்தீர்களா' என்ற தாள்,
பேனாவே படாத தாள்கள் பதினேழு.
அவற்றையும் எண்ணித்தான் ரப்பர் போட்டோம்.

அப்புறம் அது வந்தது.
மூன்றாம் கட்டத்தில் ஓர் ஏழு,
ஆறாம் கட்டத்தில் இன்னோர் ஏழு,
ஒன்று எங்கேயும் இல்லை.
செல்லாது என்று கையை நீட்டினேன்.
மிர்சாத் தாளின் மறுமுனையை விடவில்லை.

இரு, என்றான்.
கீழே இருக்கிற ஏழுக்கு இடுப்பில் கோடு இருக்கிறது,
மேலே இருப்பதற்கு இல்லை.
என் அம்மா ஒன்றை இப்படித்தான் போடுவாள்,
தலையில் கூரை வைத்து.
இந்த ஊருக்கு வந்த வருடம்
நாற்பது கடைகளில் வேலைக்கு எழுதிக் கொடுத்தாள்.
அவள் எழுதிய தொலைபேசி எண்ணுக்கு
ஒருவரும் கூப்பிடவில்லை.

ஊதாச் சட்டைக் கட்சிப் பார்வையாளர் குனிந்தார்,
தாளைத் தொடக்கூடாது என்பதால்
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.
ஏழு என்றால் ஏழுதான், தம்பி.

க்ளெனிஸ் கண்ணாடியைத் தேடினார்.
கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது.
கையேட்டில் பக்கம் புரண்டது.
கூடம் முழுக்க மற்ற மேசைகளின் காகிதச் சரசரப்பு.

எனக்கு எங்கள் பழைய எண்கள் நினைவுக்கு வந்தன.
அதில் ஒன்று என்பது 'க'.
வரிசையில் நின்ற யாரோ ஒருவர்
பழக்க தோஷத்தில் 'க' போட்டிருந்தால்
இங்கே வாதாட யார் இருந்திருப்பார்?
நான்தான். புள்ளியியலில் இரண்டு அரியர் வைத்திருக்கும் நான்.

ஒன்று, என்றார் க்ளெனிஸ்.

மூன்றாம் வேட்பாளரின் குவியலில் வைத்தேன்.
அவருக்கு எங்கள் சாவடியில் நூற்றுப் பத்தொன்பது வாக்கு,
எட்டுப் பேரில் ஆறாவது இடம்.
ஊதாச் சட்டை தோளைக் குலுக்கிவிட்டு
போனில் யாருக்கோ தொகையைச் சொல்லப் போனார்.

பத்தரை மணிக்கு அட்டை மறைப்புகளை மடித்தோம்.
பென்சில்களையும் எண்ண வேண்டுமாம்.
அறுபதுக்கு ஐம்பத்தொன்பது.
மேசைக்கு அடியில், பெஞ்சுக்கு அடியில்,
கூடைப்பந்து வலைக்குள்கூடத் தேடினோம்.

கடைசிப் பேருந்தில் தலை சாய்த்தபோது
கொண்டையில் ஏதோ குத்தியது.
மிர்சாத் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

எண்ணெய் ஊறிய ரொட்டிக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து
தேர்தல் ஆணையத்தின் பென்சிலால்
கூரை வைத்த ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.
முதல் மூன்றும்
ஏழாகவே வந்தன.